இரண்டு டிஸ்கும் ஒன்றாகக் காலியான நாள்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் வீட்டுக்கு வந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். "வீட்டுக்கு ஒரு ஸ்டோரேஜ் வச்சுக் கொடுங்கன்னு கஸ்டமர் கேட்டா, முதல்ல எதைப் பாக்கணும் சார்?" டிஸ்கைப் பற்றியோ மென்பொருளைப் பற்றியோ ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். அன்று விருந்தாளிகள் இருந்தார்கள், ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரு வீட்டில் நடந்த விஷயம்தான். வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். எனக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்தேன். உதிரிப் பாகங்களை வாங்கி வந்து கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பேன், கெட்டுப்போனதைச் சரிபார்ப்பேன். மேலப்பாளையத்தில் ஜமீலா அக்கா வீட்டுக்கு இரண்டு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்திருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் சார்ஜாவில் வேலை பார்த்தார். அக்கா வீட்டிலேயே தமிழ் டைப்செட்டிங் செய்தார். கீழ் அறையில் அக்கா, மாடி அறையில் அவருடைய நாத்தனார் ஆயிஷா. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளிக்கூட மலர் என்று அந்த வட்டாரத்து அச்சகங்களின் வேலை பாதி அங்கேதான் வந்தது. கீழே அடித்ததை மாடியில் திருத்த வேண்டும், மாடியில் திருத்தியதைக் கீழே கொண்டுவர வேண்டும். நாள் முழுக்க ஆயிஷா, கோப்புகளை ஏற்றிய பிளாப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு படி ஏறி இறங்கினார்.

"தம்பி, ரெண்டு மிஷினுக்கும் பொதுவா ஒரு எடம் இருந்தா நல்லாருக்கும்லா? இவ காலு தேஞ்சு போவுது" என்றார் அக்கா.

அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தவன் போல நான் குதித்தேன். என்னோடு ஆழ்வார்குறிச்சியில் பள்ளியில் படித்த ஒருவன் ஊருக்கு மேற்கே ஒரு ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான், விட்டுவிடுகிறேன். அவன் எனக்கு ஒரு லினக்ஸ் குறுந்தகடு கொடுத்திருந்தான். பழைய 486 கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்று கடையில் கிடந்தது. அதில் இரண்டு ஹார்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும்படி அமைத்தேன். சுவரில் துளை போட்டு மாடிக்கு வயர் இழுத்தேன். எப்படிச் செய்தேன் என்பதெல்லாம் இன்று உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு வாரம் முட்டி மோதிய பிறகு, மாடியில் ஆயிஷா சேமித்த கோப்பு கீழே அக்காவின் திரையில் தெரிந்தது. ஆயிஷா மாடிப்படியில் பாதி இறங்கி வந்து, "வந்துட்டா மைனி?" என்று கேட்டார். "வந்துட்டு, வந்துட்டு" என்று அக்கா கை தட்டினார். அந்தச் சத்தம் என்னைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவிட்டது.

ஆயிஷா கேட்டார்: "அண்ணே, பிளாப்பியில எடுத்து வக்கிறத நிறுத்தலாமா?"

"இனிமே எதுக்கும்மா பிளாப்பி? ஒரு டிஸ்க் போனாலும் அடுத்தது அப்படியே இருக்கும். இதுல போட்டா எதுவும் போகாது" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அதை நம்பி அவர்கள் பழைய பிளாப்பிகளை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் செய்தேன். எளிதாக இருக்கட்டும் என்று, பெட்டியில் இருக்கும் ஃபோல்டர்களை அவரவர் திரையிலேயே தெரியும்படி வைத்துக் கொடுத்தேன். எது தன் மிஷினில் இருக்கிறது, எது பெட்டியில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. அதை நான் பெருமையாக நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பீடி சுற்றும் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தும் ஒரு சின்னக் குழு, அந்தப் பெண்கள் படிப்பதற்கென்றே ஒரு புத்தகம் போட நினைத்தது. அதில் வரப்போவது அவர்களே சொன்ன கதைகள். தெருப் பெண்கள் மதியத்தில் முறத்தோடு அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, இலை வெட்டிக்கொண்டே, தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டே, தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். அக்கா அதைக் கேட்டுக் கேட்டு நேரே கம்ப்யூட்டரில் அடிப்பார். ஆயிஷா மாடியில் உட்கார்ந்து பிழை திருத்துவார். நாற்பத்து மூன்று பெண்கள், நாற்பத்து மூன்று கதைகள். எங்கேயும் ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. இருந்தது அந்தப் பெட்டியில் மட்டும்.

பெட்டி வைத்து ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா கடைக்குப் போன் செய்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தம்பி, கதை ஃபோல்டரக் காணல. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறீங்களா? வெள்ளிக்கிழம அச்சகத்துக்குக் கொடுக்கணும்."

பயமே இல்லாமல் பஸ் ஏறினேன். நான்தான் இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேனே.

போனதும் முதல் டிஸ்கைப் பார்த்தேன். இல்லை. இரண்டாவதைத் தனியாகத் திறந்து பார்த்தேன். அதிலும் இல்லை. ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. ஒன்றில் எழுதினால் மற்றதிலும் எழுதும். ஒன்றில் அழித்தால்? மற்றதிலும் அழிக்கும். நான் சொன்னபடியேதான் பெட்டி நடந்திருக்கிறது.

"யாராவது ஏதாவது அழிச்சீங்களா?" என்று கேட்டேன்.

ஆயிஷா மாடிப்படியில் நின்றிருந்தார். "நான்தான் அண்ணே. எம் மிஷின்ல எடமில்லன்னு சொல்லிச்சு. எங்கிட்ட இருக்குற பழசத்தான் அழிக்கேன், பெட்டியில ஒண்ணு இருக்குமேன்னு நெனச்சேன்."

இங்கேதான் நான் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். அக்காவைப் பார்த்து, "மிஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. இவங்க அழிச்சிருக்காங்க, அதான்" என்றேன்.

சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயிஷா படியிலேயே உட்கார்ந்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். திட்டவில்லை. "செய்யதம்மா கத போச்சேடி" என்று மட்டும் சொன்னார். செய்யதம்மாள் அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கதை சொன்ன இரண்டாம் மாதம் நெஞ்சு நோயில் இறந்துபோனார். மற்ற நாற்பத்திரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்துவிடலாம்.

நான் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அந்த வீட்டிலேயே போன் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியவில்லை என்பது அவர்களுக்குக் கேட்கக் கூடாதே. ஆலைக்குப் போன் போட்டு நண்பனைப் பிடித்தேன். அழிந்த கோப்பை எடுக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதைப் பெட்டியில் ஏற்றப் போகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"ஏலே, நிறுத்து. அந்தப் பெட்டி இப்ப ஓடிட்டா இருக்கு?"

"ஓடுது."

"அதுல வேற யாரும் வேல பாக்காங்களா?"

காலையில் ஆயிஷா ஒரு கல்யாணப் பத்திரிகையை மூன்று முறை திருத்திச் சேமித்ததாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

"அழிச்சாலும் உள்ள எழுதுனது அப்படியேதான் கெடக்கும். அதுக்கு மேல எழுதிட்டிருக்கியளேலே! முதல்ல போயி அத அணை. புதுசா எதையும் ஏத்தாத. ரெண்டுல ஒரு டிஸ்கக் கழட்டித் துணியில சுத்தி வை, அதத் தொடவே தொடாத. இன்னொண்ண உன் மிஷின்ல மாட்டி, படிக்க மட்டும் செய்யி, எழுதாத. அழிஞ்ச கோப்போட பேரு கெடைக்காது, உள்ள இருக்கது கெடைக்கலாம். எப்படின்னு சாயங்காலம் வந்து காட்டுதேன்."

எனக்கு உயிர் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்தப் பொண்ணு அழிச்சிட்டுலே, நான் என்ன செய்ய?" என்றேன்.

அவன் விடவில்லை. "அழிச்சது அவங்க. அழியாதுன்னு சொன்னது யாருலே?"

ரிசீவரை வைத்த பிறகும் பூத்துக்குள்ளேயே நின்றேன். வெளியே இருந்தவர் கதவைத் தட்டினார். அந்தத் தெருவில் தறிச் சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று அது எனக்குக் கேட்டதா என்றுகூட நினைவில்லை. திரும்பி நடந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் சொன்னதை மாற்றிச் சொல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பற்றி நான் சொன்னதுதான் வேதம். ஆயிஷாதான் அழித்தார் என்று ஆயிஷாவே நம்பினார்.

வீட்டுக்குள் போய் முதலில் பெட்டியை அணைத்தேன். பிறகு, நின்றபடியே சொன்னேன்: "அக்கா, நான் காலையில சொன்னது தப்பு. ரெண்டு டிஸ்க் இருந்தா எதுவும் போகாதுன்னு நான்தான் சொன்னேன். டிஸ்க் கெட்டாத்தான் அது காப்பாத்தும். அழிச்சா ரெண்டுலயும் அழிஞ்சிரும். எனக்கே அது அப்பத் தெரியல. பிளாப்பி வேண்டாம்னதும் நான், எது எங்க இருக்குன்னு தெரியாம வச்சதும் நான். இந்தத் தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல."

"இத அப்பமே சொல்லிருந்தா, இந்தப் புள்ள இவ்வளவு நேரம் பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்க மாட்டால்லா" என்றார் அக்கா. பிறகு எழுந்து ஆயிஷாவின் தோளைத் தொட்டு, "எந்திரி. வந்து சாப்பிடு" என்றார். என்னிடம், "சரி தம்பி. இப்பவாவது சொன்னீங்க. இனி என்ன செய்யணும்?" என்று கேட்டார். என்னை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை அவர் கேட்டதால்தான் நான் இந்தத் தொழிலில் தங்கினேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

நண்பன் சொன்ன சொல் மாறாமல் சாயங்காலம் பஸ் பிடித்து வந்தான். வழியைக் காட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை என் மிஷினை அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து வைத்து, நானும் ஆயிஷாவும் உட்கார்ந்தோம். அழிந்த கோப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெயர் இல்லை, எண் மட்டும். என் திரையில் அவை கிறுக்கலாகத் தெரிந்தன. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு அவர்கள் மிஷினில் மட்டும்தான் இருந்தது. அங்கே கொண்டுபோய்த் திறந்தால்தான் தமிழாகும். அதோடு, அவர்கள் எப்போதோ அழித்த நோட்டீஸ், பாதி அடித்த பத்திரிகை, மாப்பிள்ளை பெயர் தப்பாகப் போன பத்திரிகை எல்லாம் கலந்து வந்தன. எது கதை, எது யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆயிஷாவுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கதையையும் அவர் மூன்று தடவை திருத்தியிருந்தார். ஒரு கோப்பைத் திறந்தவுடன், முதல் வரியைப் பார்த்து, "இது வடக்குத் தெரு பாத்து மச்சி சொன்னது" என்பார். அடுத்தது, "இது தறிக்காரர் வீட்டு மைனி, அவங்கதான் எதுக்கெடுத்தாலும் 'நடந்தது நடந்துட்டு'ம்பாங்க." ஒரு கதை நடுவிலிருந்து ஆரம்பித்தது. இரண்டு வரி படித்துவிட்டு அதற்கும் ஆளைச் சொன்னார். முதல் நாள் படியில் உட்கார்ந்திருந்தவரா இவர் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் எண்ணைச் சொல்வேன், அவர் பெயரைச் சொல்வார், அக்கா பின்னாலிருந்து பட்டியலில் கோடு போடுவார். குழுக்காரர்களிடம் அக்கா முன்கூட்டியே பேசி ஒரு வாரம் தவணை வாங்கியிருந்தார். அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை.

மூன்று நாளில் முப்பத்தெட்டுக் கதைகள் முழுசாகக் கிடைத்தன. நான்கு கிடைக்கவே இல்லை. அந்த நான்கு பெண்களும் மறுபடி வந்து சொல்ல ஒப்புக்கொண்டார்கள். ஒருவர், "போன தடவ சொல்லாம விட்டத இந்தத் தடவ சொல்லிருதேன்" என்று சிரித்தார்.

மீதி ஒன்று செய்யதம்மாளுடையது. அது சனிக்கிழமை மதியம் வந்தது. ஆயிஷா திறந்து, "மைனி, இங்கன வாங்க" என்று கூப்பிட்டார். பாதிக் கதை இருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து தெருவுக்குள் தண்ணீர் ஏறிய ஒரு நாளைப் பற்றியது. வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர், பரணில் இடமில்லை, கையில் சின்னப் பிள்ளை, மூலையில் அன்றைக்குக் கம்பெனியில் வாங்கி வந்த பீடி இலைக் கட்டு. "நான் தொட்டில" என்பதோடு வரி நின்றது. அதற்குக் கீழே ஒரு கல்யாணப் பத்திரிகையின் வால்பகுதி, "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று ஆரம்பித்தது. புதன்கிழமை காலையில் சேமித்த பத்திரிகை.

மற்ற டிஸ்கில் இருக்குமா என்று அக்கா கேட்டார். இருக்காது, இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

அக்கா ஆள் அனுப்பி, செய்யதம்மாளின் மகள் ரஹ்மத்தை வரச் சொன்னார். இருபது வயதுப் பெண். அவரிடம் மறைக்கக் கூடாது என்று அக்கா முடிவு செய்திருந்தார். ரஹ்மத் முறத்தோடேயே வந்தார். நடந்ததைச் சொல்லும் வேலையை அக்கா எனக்குக் கொடுத்தார். சொன்னேன். ரஹ்மத் முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். "இருக்கறத வாசிங்க" என்றார்.

ஆயிஷா வாசித்தார். வெள்ளம், பரண், பிள்ளை, இலைக் கட்டு. "நான் தொட்டில" என்று வந்து நிறுத்தினார்.

யாரும் கேட்காமலேயே ரஹ்மத் தொடர்ந்தார். கண் முறத்தில் இருந்தது. "தொட்டில இழுத்து ஒசரக் கட்டி, அதுல எலைக் கட்ட வச்சுட்டேன். பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டேன். வந்தவங்கல்லாம் ஏசுதாங்க, ஏன்டி தொட்டில்ல பிள்ளையப் போடாம எலையப் போட்டிருக்கன்னு. நான் சொன்னேன், பிள்ள நனஞ்சா தொடச்சுக்கிடலாம், எல நனஞ்சா என்னத்த வச்சுத் தொடைக்க?"

சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கி, "அந்தப் பிள்ள நான்தான். நூறு தடவ சொல்லிருக்கா எங்க உம்மா. நான் சளியடிச்சுக் கெடந்தத மட்டும் சொல்ல மாட்டா" என்றார்.

முதலில் அக்கா சிரித்தார். பிறகு எல்லோரும். சிரிப்பு அடங்கியபோது ஆயிஷாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கீ போர்டில் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. ரஹ்மத் சொன்னது ஒரு சொல் குறையாமல் திரையில் ஏறியது. "அப்படியே இருக்கு மைனி, நான் திருத்துனது இதேதான்" என்றார் அக்காவிடம். புத்தகத்தில் அந்தக் கதைக்குக் கீழே தாயின் பெயரும் மகளின் பெயரும் சேர்ந்து வந்தன.

பயந்துவிடாதீர்கள், இதோடு நான் திருந்திவிட்டதாகச் சொல்லப் போவதில்லை. மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கினேன். வாரம் ஒருமுறை பெட்டியில் இருப்பதெல்லாம் அதற்குத் தானாகவே நகலாகும்படி செய்தேன். வெள்ளிக்கிழமை நகல் எடுத்ததும் கழற்றி, இரண்டு தெரு தள்ளி அக்காவின் தாய் வீட்டுப் பீரோவில் வைக்க வேண்டும், வியாழக்கிழமை திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். இனிமேல் போகாது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "அழிஞ்சாலும் இதுலேர்ந்து எடுத்துக்கிடலாம்" என்றேன். கொஞ்சம் அடக்கமான பொய், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, மின்வெட்டில் பெட்டி அடிக்கடி அணைகிறது என்று கூப்பிட்டதால் அங்கே போயிருந்தபோது ஆயிஷா, "அண்ணே, ஒரு நிமிஷம். ஒண்ணு அழிக்கேன், எடுத்துத் தாங்க பாப்போம்" என்றார். நான் சரி என்று சொல்வதற்குள் அழித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அக்காவின் தாய் வீட்டிலிருந்து மூன்றாவது டிஸ்கை எடுத்து வந்து மாட்டினேன். கோப்பு இல்லை. இன்னும் தேடினேன். முதல் வாரத்து நகல் மட்டும் இருந்தது. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தபோது, நகல் எடுக்கும் என் அமைப்பு ஓடவில்லை. மூன்று வாரமாக அவர்கள் புதிதாக எதுவும் ஏறாத டிஸ்கைப் பத்திரமாகத் தூக்கிப் போய் வைத்து, பத்திரமாகத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து ஆயிஷா மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு பிளாப்பி. "நான் அழிச்சது இதுல இருக்கு அண்ணே. பயப்படாதீங்க. பைய உக்காந்து சரிபண்ணுங்க" என்றார். குத்திக் காட்டும் குரல் இல்லை அது. தேநீர் வேண்டுமா என்று கேட்பது போல இருந்தது.

இதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில், மருத்துவமனைகளில், பள்ளிகளில் பெட்டி வைத்திருக்கிறேன். எங்கேயும் வேலை முடிந்தது என்று நானாகச் சொன்னதில்லை. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "உங்க கையால ஒண்ண அழிங்க" என்பேன். பயப்படுவார்கள். முதலில் ஒரு நகலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அழிக்கச் சொல்வேன். பிறகு அவர்கள் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கிடைக்காத நாளும் வரும். அன்றைக்கு முதல் வாக்கியம் உங்கள் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்பதை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள். என்னுடைய முதல் வாக்கியத்தை மன்னித்து இரண்டாவதைக் கேட்டுக்கொள்ளும் மனிதர்கள் எனக்குக் கிடைத்தார்கள். எல்லோருக்கும் கிடைப்பார்களா என்று தெரியாது.

ஆயிஷா பிளாப்பியை எடுத்துக் காட்டியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்கு நானே போனேன். ஆயிஷா ஒரு கோப்பை அழித்தார். டிஸ்கை மாட்டினேன், எடுத்தேன், அவர் திரையில் திறந்தேன். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துப் பார்த்தார், அவசரப்படவில்லை. பிறகு மாடிப்படியில் பாதி இறங்கி நின்று, கீழே அக்காவிடம், "மைனி, அண்ணன் போலாம்" என்றார்.

பெட்டி வைத்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வீட்டில் என் வேலை அன்றைக்குத்தான் முடிந்தது.